வால்வு ஆம்ப்: கிளாஸ் ஏ-யா, கிளாஸ் ஏபி-யா?

கிளாஸ் ஏ என்றால் முதல் தரம், ஏபி அதற்கு ஒரு படி கீழே என்று நினைத்து வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) தேடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த எழுத்துகளுக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. சிக்னலின் ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு பகுதிக்கு அவுட்புட் வால்வில், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வில், கரன்ட் ஓடுகிறது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன.

கிளாஸ் ஏ-யில் 360 டிகிரியும், அதாவது முழுச் சுற்றும் ஓடும். பாட்டு நின்றாலும் நிற்காது. சத்தமே இல்லாதபோதுதான் வால்வின் பிளேட் (உள்ளே கரன்ட் வந்து சேரும் உலோகத் தகடு) அதிகம் சூடாகிறது. 300பி என்ற வகை வால்வு ஒன்றே ஒன்றில் ஓடும் ஆம்ப் (இதைத்தான் சிங்கிள் எண்டட் என்பார்கள்), பிளேட்டுக்கு வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் ஸ்பீக்கருக்குத் தரும். சுமார் 8 வாட். வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் டிசி எப்போதும் ஒரே திசையில் ஓடுவதால் அதன் இரும்புக் கோரில் இடைவெளி விட வேண்டும், இரும்பும் கூடுதலாக வேண்டும். வால்வு தானாகச் சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்) ரத்தாகாமல் தங்கிவிடும். குரலுக்கு ஒரு கனிவு வருகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏபி-யில் வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும். சத்தம் குறைவாக இருக்கும்போது இரண்டிலும் முழுச் சுற்றும் கரன்ட் ஓடும், அதாவது அப்போது அது கிளாஸ் ஏ-தான்! சத்தம் கூடினால் மட்டுமே ஒன்று மாற்றி ஒன்று சற்று ஓய்வெடுக்கும். இஎல்34 வகை வால்வு ஒரு ஜோடியில் 50 வாட்வரை எடுக்கலாம். பயாஸில்தான், அதாவது சிக்னல் இல்லாதபோது ஓடும் கரன்ட்டின் அளவை அமைப்பதில்தான், கவனம் வேண்டும்: குறைவாக வைத்தால் இரண்டும் கைமாறும் இடத்தில் ஒலி பிசிறும், கூட்டினால் பிளேட் சிவக்கும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் தங்கும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்கக் கூடாது.

ஒவ்வொரு வால்விலும் அரைச் சுற்று மட்டும் கரன்ட் ஓடும் கிளாஸ் பி பழைய பேட்டரி ரேடியோக்களிலும் ஏஎம் ஒலிபரப்பிகளிலும் இருந்தது. அதைவிடவும் குறைவாக ஓடும் கிளாஸ் சி ரேடியோ அலைவரிசைக்கு மட்டும். வீட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

லேபிளையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கிதார்க்காரர்களின் வாக்ஸ் ஏசி30 ஆம்ப் கிளாஸ் ஏ என்றே பெயர் வாங்கிவிட்டது. அதில் இஎல்84 வால்வுகள் நான்கு. ஒன்றின் பிளேட் தாங்கக்கூடிய வெப்பம் 12 வாட், மொத்தம் 48. கிளாஸ் ஏ-யில் வாங்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போகக்கூடிய பங்கு அதிகபட்சமே 50 சதவீதம் என்பதால், அந்த வரம்புக்குள் 24 வாட்டைத் தாண்ட முடியாது. 30 வாட் வருகிறதென்றால் அது ஏபி. அந்த அருமையான ஒலிக்குக் கேத்தோடு பயாஸும் (வால்வே தன் பயாஸை அமைத்துக்கொள்ளும் முறை) நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிப் பிழையைக் குறைப்பது) இல்லாத அமைப்பும் முக்கியக் காரணங்கள்.

முடிவு செய்ய வேண்டியது உங்கள் ஸ்பீக்கர். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை 8 வாட் 96 டெசிபலுக்குக் கொண்டுபோகும், 50 வாட் 104-க்கு. தவில் ஓங்கி விழும் இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 95 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கர் என்றால் அந்த 8 வாட்டே 104-ஐத் தொட்டுவிடும். அங்கே நான் யோசிக்காமல் 300பி-யைச் சொல்வேன். பட்ஜெட் சிறியதென்றால் ஏபி-தான். மலிவான சிங்கிள் எண்டட்டில் தயாரிப்பாளர்கள் முதலில் மிச்சம் பிடிப்பது டிரான்ஸ்ஃபார்மர் இரும்பில். அதோடு பேஸும் (தாழ்ந்த ஒலிகள்) போய்விடும்.