"18 இன்புட்" என்று நம்பி வாங்காதீர்கள், மைக் துளையை எண்ணுங்கள்

மைக், இசைக்கருவி ஒலியைக் கணினியில் பதிய உதவும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும். அட்டைப்பெட்டியில் "18 இன்புட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். டிரம்ஸுக்கு 8 மைக் வைக்கலாம் என்று நம்பி வாங்குகிறார்கள். பிரித்துப் பார்த்தால் மைக் செருகும் துளை நான்கே நான்கு. திருப்பிக் கொடுக்கப் போனால், "பெட்டியில் போட்டது சரிதானே, சீல் உடைத்ததை எடுக்க மாட்டோம்" என்று பதில் வருகிறது. எழுத்தளவில் அதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

கணக்கு இதுதான்: மைக் 4, லைன் (கீபோர்டு போன்ற கருவிகளின் வலுவான சிக்னலுக்கானது) 4, எஸ்பிடிஐஎஃப் (டிஜிட்டல் ஸ்டீரியோ இணைப்பு) 2, ஏடாட் (ஒரே ஆப்டிகல் கேபிளில் 8 சேனல் வரும் டிஜிட்டல் இணைப்பு) 8. அந்த ஏடாட் எட்டில் மைக் போட வேண்டுமென்றால், ஏடாட் அவுட்புட் உள்ள 8 சேனல் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) தனியாக வேண்டும், ஆப்டிகல் கேபிளும் வேண்டும். இரண்டு கருவியும் ஒரே கிளாக்கில் (ஒலியை அளக்கும் நேரத் துடிப்பில்) ஓட வேண்டும். ஒன்றை மற்றதன் கிளாக்கைப் பின்தொடர வைக்காவிட்டால் பதிவில் டிக் டிக் என்று வெட்டு விழும். சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதை) 96 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் அந்த 8 சேனல் 4 ஆகிவிடும். செலவையெல்லாம் கூட்டிப் பாருங்கள், ஆரம்பத்திலேயே 8 பிரீஆம்ப் உள்ள கருவியை வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கலாம்.

"192 கிலோஹெர்ட்ஸ்" என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி, 192-ல் அது 34.6 எம்பி. டிஸ்க்தான் நிரம்பும்.

பார்க்க வேண்டியது கெயின், அதாவது பிரீஆம்ப் சிக்னலை எவ்வளவு பெருக்கும் என்பது. ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் வேண்டும். 46, 50-லேயே நின்றுவிடும் பிரீஆம்பில் குமிழை முழுக்கத் திருப்பினாலும் குரல் எழாது, இரைச்சல்தான் எழும். பிறகு மைக்குக்கும் பிரீஆம்புக்கும் நடுவே போடும் பூஸ்டர் வாங்கச் சொல்வார்கள், அது இன்னொரு செலவு.

"48 வோல்ட்" என்று அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஃபேன்டம் சுவிட்சைப் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை மைக் துளையின் (எக்ஸ்எல்ஆர்) 1-ஆம் பின்னிலும் சிவப்பை 2-ஆம் பின்னிலும் வையுங்கள். அடுத்து 3-ஆம் பின். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் சில கண்டென்சர் மைக்குகள் சத்தம் கூடும்போது உடைந்த மாதிரி ஒலிக்கும்.

எந்தப் பெட்டியும் சொல்லாத விஷயம் டிரைவர். விண்டோஸில் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவர் (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் மென்பொருள்) இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், இதைச் செய்யுங்கள்: அவுட்புட் 1-லிருந்து இன்புட் 1-க்கு ஒரு கேபிள் போட்டு, டைரக்ட் மானிட்டரை (இன்புட் ஒலியை நேரடியாக அவுட்புட்டுக்கு அனுப்பும் வசதியை) அணைத்துவிட்டு, ஒரு கிளிக் டிராக்கை ஓட்டி இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டு அலைவடிவத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். சில சாம்பிள் விலகல் பரவாயில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் 480 சாம்பிள் தள்ளி விழுந்தால் அது 10 மில்லிசெகண்ட்: டிரைவர் தன் தாமதத்தைத் தவறாகச் சொல்கிறது, நீங்கள் பதியும் ஒவ்வொரு டிராக்கும் அவ்வளவு பின்னால் போய் உட்காரும்.

யூஎஸ்பி சி என்பது பிளக்கின் வடிவம்தான், வேகம் அல்ல. "அடுத்த அப்டேட்டில் வரும்" என்று சொல்லும் வசதிக்கு இன்று விலை கொடுக்காதீர்கள். பழைய கருவி என்றால், கூட வரும் மென்பொருளின் பதிவுக் குறியீடு ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.