கார் நிறுத்தக் கொட்டகை வாடகைக்கு எடுப்பவர்கள் கவனம்: எங்களுக்கு 150,000 ரூபாய் போய்விட்டது

நேற்றுப் பின்னேரம் நடந்தது. ஆறப்போட்டால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று இப்போதே எழுதுகிறேன். பழைய வாகனத்தை வாடகைக் கொட்டகையில் விடுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விபரமாகச் சொல்கிறேன்.

கார் அப்பாவுடையது. ஒஸ்ரின் ஏ40 சொமர்செற், 1952 முதல் 1954 வரை மட்டும் செய்த மொடல். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டு எரிபொருள் வராமலிருந்தபோது, ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் ஓடிய கார். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணச் சனம் எல்லாம் போரால் இடம்பெயர்ந்த அந்த இரவு, அம்மம்மாவையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு, கொட்டும் மழைக்குள் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது இதுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. சனத்துக்கு நடுவில் நடையை விட மெதுவாக ஊர்ந்தோம்.

கோண்டாவில் வீட்டைத் திருத்தப் போர்டிகோவை இடித்தபோது ஆறு மாதத்துக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. நான் கொழும்பில் வேலை. விசாரித்ததில், வாகனங்களை மாத வாடகைக்கு நிறுத்தும் ஒரு பெரிய தகரக் கொட்டகை கிடைத்தது. "பலாலியில பிளேன் விடுற கொட்டகை மாதிரித்தான் தம்பி" என்றார் உரிமையாளர். கூரை உயரம், சீமெந்துத் தரை, ஒரு பொட்டு ஈரமில்லை. மாதம் 15,000. ஆறு மாதத்துக்கும் முன்கூட்டியே 90,000, திருப்பித் தரும் முற்பணம் 60,000. ஆக 150,000 ரூபாய்.

நான் ஏமாந்த இடம் இதுதான். அவர் காரைச் சுற்றி வந்து பொனற்றைத் தடவினார். தன் தகப்பனிடம் மொறிஸ் மைனர் இருந்ததாம், இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்ததாம். "ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, இது என்ர அப்பான்ர கார் மாதிரி" என்று அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா கண் கலங்கினார். அதற்குப் பிறகு பற்றுச்சீட்டு கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. காசை எண்ணிக் கையில் கொடுத்தேன்.

மாதாமாதம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கொட்டகைக்குள் கார், பளபளவென்று. நேற்று இரவுதான் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நான்கு படத்திலும் வைப்பருக்குக் கீழே அதே வேப்பஞ்சருகு, அதே கோணத்தில். எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை.

நேற்று எடுக்கப் போனால் கொட்டகைக்குள் மணவறைச் சாமானும் பிளாஸ்டிக் கதிரைகளும். கார் பின்வளவில், தறப்பாளுக்குக் கீழே. ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறது. தறப்பாள் ஈரத்தைப் பிடித்து வைத்ததில் காலடித் தகடு கறள் பிடித்து விரல் போகிறது. சீற்றுக்குள் எலிக்கூடு, வயரெல்லாம் கடித்திருக்கிறது. பிறேக் இறுகிச் சில்லு அசையவில்லை. திரும்பும்போது பக்கத்தில் எழும்பும் அந்தச் சிக்னல் கை, வலப்பக்கத்தது, முறிந்து போயிருக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கேட்டால், "மழை பெய்ததுக்கு நான் என்ன செய்யிறது?" அப்புறம், "மகன்தான் இப்ப பொறுப்பு, அவரோட கதையுங்கோ." மகனுக்கு எடுத்தால், "அப்பாதானே காசு வாங்கினவர்." முற்பணத்தையாவது தாருங்கள் என்றேன். "எந்த முற்பணம்? துண்டு இருக்கோ?" என்று கேட்டார்! அப்பாவின் கையைப் பிடித்த அதே மனுசன். இரவு ஏழு முறை எடுத்தேன், எடுக்கவில்லை. 150,000 ரூபாய், தம்பிமாரே. மேசன் கூலிக்கு வைத்திருந்த காசு.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது கேளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் சதமும் கொடுக்க வேண்டாம், "கூரைக்குள்" என்ற சொல் அதில் இருக்கட்டும். காசை வங்கியில் போடுங்கள். படத்தை நம்பாமல் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் சொந்தக்காரர் யாரையாவது சொல்லாமல் போய்ப் பார்க்க விடுங்கள். பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள். கைப்பிறேக் போட வேண்டாம், சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

மத்தியஸ்த சபைக்குக் கொடுக்க முறைப்பாடு எழுதிவிட்டேன். நாளை காலை காரை ஏற்ற லொறி வருகிறது. அப்பாவும் வருகிறேன் என்று நிற்கிறார்.