நரசிங்கம்பேட்டைப் பாரி நாயனம்: ஊதிப் பார்த்து வாங்குவது எப்படி

கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் ஆடுதுறையைத் தாண்டியதும் வருவது நரசிங்கம்பேட்டை. கச்சேரி வாசிக்கும் நாயனக்காரர்களிடம் பாரி (நீளமான, தாழ்ந்த சுருதி நாகஸ்வரம்) எங்கே கடைந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இந்த ஊரைத்தான் சொல்வார்கள். 2022இல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் வேலை முழுக்கக் கைக்கடைசல். ஒரே பட்டறையில் ஒரே வாரத்தில் கடைந்த இரண்டு கருவிகள்கூட ஒன்றுபோல் பேசாது. ஊர்ப் பெயரைக் கேட்டே பணத்தைக் கொடுத்துவிடாமல், கையில் எடுக்கும் ஒவ்வொரு கருவியையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் மரம். உலவுக்கு, அதாவது துளைகள் உள்ள நீண்ட குழாய்க்கு, ஆச்சா மரம். அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற தூண், உத்தரம், சட்டம் போன்ற காய்ந்து முதிர்ந்த கட்டை. இதற்குக் காரணம் இருக்கிறது. ஊதும்போது மூச்சின் ஈரம் உலவின் உட்பக்கத்தை நனைக்கும், வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கும். ஈரம் பட்ட பக்கம் உப்ப, மற்றது உப்பாமல் நிற்க, இளமரம் நீளவாக்கில் வெடித்துவிடும். பல பத்தாண்டுகள் வெயிலும் மழையும் பார்த்து அடங்கிய ஆச்சா அப்படி அசையாது. பழைய கட்டை கிடைப்பது வரவரக் குறைவதால், மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல ஆசாரி மறைக்காமல் சொல்வார். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். ரேகை உலவின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். துளைகளின் குறுக்கே ரேகை சாய்ந்து வெட்டினால் அந்த இடத்தில்தான் பின்னால் கீறல் விழும்.

பகலில் போங்கள். அணைசை, அதாவது அடியில் பொருத்தும் விரிந்த வாயை, கழற்றிவிட்டு உலவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். மேலே குறுகி, கீழே போகப்போக ஒரே சீராக விரிய வேண்டும். நடுவில் வளையம்போல் திட்டுத் தெரிந்தால் துளைக்கருவி அங்கே தடுமாறியிருக்கிறது. அந்தத் திட்டு ஒரு சுரத்தை மட்டும் எப்போதும் கெடுத்துக்கொண்டிருக்கும். அதற்குச் சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் இதழ்) மாற்றிப் பயனில்லை.

அடுத்தது கசிவுச் சோதனை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஏழு விரல் துளைகளையும் மூடி, அடிப்பக்கத்தில் விரல் படாத பிரம்ம சுரத் துளைகள் ஐந்தையும் மெழுகால் அடைத்து, இன்னொருவர் அடிவாயை உள்ளங்கையால் பொத்த வேண்டும். மேல்வாயில் மெதுவாக ஊதினால் காற்று எங்கும் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் இதில் அகப்பட்டுவிடும். கசிகிற கருவியில் கீழ்ஸ்தாயி உடையும், எவ்வளவு தம் கொடுத்தாலும் கார்வை (நீட்டிப் பிடிக்கும் சுரம்) நிற்காது.

இனி ஊதிப் பார்ப்பது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த பாரியில், சுத்த மத்யமம் (‘ம’ சுரத்தின் தாழ்ந்த வகை) தானாகவே நிற்கும்படி துளைகள் அமைந்தன. பாரியைவிடக் குட்டையான, சுருதி உயர்ந்த பழைய திமிரியில் அதை உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த ஊர்க் கருவியின் உரைகல்லே அந்த மத்யமம்தான். ஹரிகாம்போதி ராகத்தையோ சங்கராபரணத்தையோ விளம்பத்தில் (மெதுவாக) எடுத்து மத்யமத்தில் நில்லுங்கள். உதட்டை இறுக்காமலேயே அது சேர வேண்டும். இறுக்கித்தான் சேர்கிறது என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கருவியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

சுருதியை முதல் ஊதலில் முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த உலவு தாழ்ந்து பேசும், மூச்சுச்சூடு ஏற ஏறச் சுருதியும் ஏறும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊதியபின் சுருதிப்பெட்டியை இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை சுருதியில் வைத்து ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் பாருங்கள். ஒரு சுரம் பிசகினால் சீவாளியை மாற்றி அதையே மறுபடி ஊதுங்கள். சீவாளிக்குச் சீவாளி பிசகு இடம் மாறினால் உலவு நன்றாக இருக்கிறது. எந்தச் சீவாளி போட்டாலும் அதே சுரம் அதே அளவு பிசகினால் குற்றம் துளையில். இந்தச் சோதனைக்காகவே, நன்றாகப் பழகிய சீவாளி இரண்டையும் உங்கள் கெண்டையையும் (சீவாளியைச் செருகும் சிறு குழாய்) கையோடு கொண்டுபோவது அவசியம். பட்டறையில் கொடுக்கும் சீவாளியில் மட்டும் ஊதிவிட்டு வாங்கியவர்கள், வீட்டில் வேறு சீவாளி போட்டதும் கருவியைத் திட்டுவதுண்டு.

துளையின் பிசகிலும் தரம் உண்டு. ஒரு சுரம் இம்மியளவு தாழ்ந்திருந்தால் கவலையில்லை. ஆசாரி அந்தத் துளையை லேசாக அகட்டினால் ஏறிவிடும். ஏறிப்போயிருந்தால்தான் சங்கடம். குடைந்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது, துளையின் மேல்விளிம்பில் மெழுகு வைத்து இறக்க வேண்டும். அந்த மெழுகோ சித்திரை வெயிலில் சாமி புறப்பாட்டின் நடுவே இளகி இறங்கிவிடும். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர வேண்டி வந்தால் துளை சற்றுச் சிறுத்த கருவியை எடுங்கள். அடிச்சுரங்களை மட்டும் ஏற்ற இறக்க பிரம்ம சுரத் துளைகள் இருக்கவே இருக்கின்றன: மெழுகை எடுத்தால் ஏறும், அடைத்தால் இறங்கும்.

விலை பேசும்போது கெண்டை, சீவாளி, அணைசு எல்லாம் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டை உலவின் வாயில் ஆடாமல் உட்கார வேண்டும். அதில் சுற்றும் நூலைக் கூட்டியோ குறைத்தோதான் சுருதியைக் கடைசியாக நேர் செய்ய முடியும். கெண்டை உள்ளே இறங்கினால் சுருதி ஏறும், வெளியே வந்தால் தாழும்.

பாரியில் பாதி வேலை சீவாளியுடையது. அதற்குப் பக்கத்திலுள்ள திருவாவடுதுறைக்குத்தான் போக வேண்டும். காவிரிக்கரை நாணலை வெட்டிக் காயவைத்து, நாள்பட வைத்திருந்து, வேகவைத்து, நசுக்கி, நுனியைச் சீவிச் செய்கிறார்கள். தடித்த சீவாளி வெளியில் வாசிக்க ஏற்றது. நாதம் கட்டியாக வரும், ஆனால் தம் அதிகம் கேட்கும், சுருதியையும் சற்று ஏற்றும். மெல்லியது துத்துக்காரத்துக்கும் (நாக்கால் தட்டி ஊதுவது) பிருகாவுக்கும் (வேகமான சுர உருட்டல்) சுலபமாக வளையும், ஆனால் மேல்ஸ்தாயியில் அழுத்தி ஊதினால் வாய் மூடிக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரு இதழும் ஒரே நிறத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருண்டு தெரிந்தால் சீவியது சமமில்லை, நாதம் பிசிறடிக்கும். நாலைந்து சீவாளிகளை மாற்றி மாற்றிப் பழக்குங்கள். ஒன்றையே ஓட்டினால் அது கச்சேரி நடுவில்தான் பிளக்கும்.

டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சீவாளியை நனைந்தபடி டப்பாவில் அடைத்தால் ஓரிரு நாளில் பூஞ்சணம் பூக்கும். துடைத்து, நிழலில் காற்றாட விட்ட பிறகு எடுத்து வையுங்கள். ஏ.சி. மண்டபத்தில் இதற்கு நேர்மாறு, பாட்டுக்குப் பாட்டு காய்ந்துபோகும். தவில் மட்டும் தனியாக வாசிக்கும்போது சீவாளியை வாயில் வைத்திருப்பதே வழி. உலவை ஊதி முடித்ததும் கயிற்றில் கட்டிய மெல்லிய துணியை உள்ளே இழுத்து ஈரத்தை எடுங்கள். இதை விட்டால் நல்ல ஆச்சாவும் கெடும்.

மைக் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். அணைசின் வாயில் மைக்கை நீட்டினால் அடிச்சுரங்கள் மட்டும் முழங்கும், மற்றவை மெலிந்து கேட்கும். நாதம் விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. ஒன்றரை அடி தள்ளி நடுத்துளைகளைப் பார்க்க வைத்தால் பாரியின் குரல் முழுதாகக் கிடைக்கும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதை வாங்காதீர்கள். இரண்டரை அடி உலவில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். விரல் எட்டாமல் ஓரம் கசிந்தால் தப்பான பழக்கம் கையில் ஏறிவிடும். திமிரியில் ஆரம்பித்து, கை வளர்ந்தபின் இடைப்பாரி, பிறகு பாரி என்று போகட்டும். பெரிய வீதியில் சுவாமிக்கு முன்னால் மல்லாரி வாசிக்க எட்ட எட்டக் கேட்பது திமிரிதான். பாரி முக்கியமாகக் கச்சேரி மேடைக்கும் மண்டபத்துக்கும் உரியது.

ஜோடியாக வாசிப்பவர்கள் இரண்டு கருவிகளையும் ஒரே பட்டறையில், முடிந்தால் ஒரே கட்டையிலிருந்து, ஒரே நாளில் எடுங்கள். இருவரும் மேல் ஷட்ஜத்தில் சேர்ந்து நின்று பாருங்கள். நாதத்தில் அலையடிக்காமல் ஒரே குரலாக நிற்க வேண்டும். அதன்பின் பஞ்சமத்தில், கடைசியாக அந்தச் சுத்த மத்யமத்தில். மூன்றிலும் சேராவிட்டால் வேறு ஜோடி கடையச் சொல்லி, மாதம் சில ஆனாலும் காத்திருங்கள்.