இரட்டைப் பிள்ளைகளுக்கான பாலூட்டும் தலையணை: பதினோரு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு, அந்த இடுப்புப் பட்டை பற்றி

விலை 3,800லிருந்து 2,600க்கு இறங்கியிருக்கிறது, இப்போது வாங்கலாமா என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தோழி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு ஏழாம் மாதம், வயிற்றில் ரெண்டு. இரட்டைப் பிள்ளை பிறக்கப்போகிற வீடுகள் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இதே அச்சில் நாலைந்து பெயர்களில் வருகிறது: அகலமான யு வடிவம், சமதளமான மேல்பாகம், உள்ளே ஃபோம், முதுகுக்கு ஒரு குட்டித் திண்டு, இடுப்பைச் சுற்றிப் பக்கிள் வைத்த பட்டை.

தலையணையின் வடிவத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டைதான் பதினோரு மாதமும் பிராணனை வாங்கியது.

ஒரு இன்ச் அகலத்தில் வழவழப்பான நாடா. பள்ளிக்கூடப் பையில் வருமே, அதைவிட மெல்லிசு. பக்கிளின் ஒரு பாதியில் இரண்டு பிளாஸ்டிக் குறுக்குச் சட்டம் இருக்கும், நாடா அதில் மேலும் கீழுமாக நுழைந்து உராய்வால்தான் நிற்க வேண்டும். மெல்லிய நாடா அந்தச் சந்தில் இறுகாது. பச்சை உடம்புக்குத் தடவுகிற எண்ணெயும் வியர்வையும் அதில் ஏறிவிட்டால் இன்னும் மோசம். இறுக்கிக் கட்டி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஒரு இன்ச், இருபதாவது நிமிடம் இரண்டு இன்ச் தளர்ந்திருக்கும்.

இரண்டு இன்ச்தானே என்று விட முடியாது. இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கொடுக்கும்போது பெரும்பாலும் கக்கத்துப் பிடிதான்: பிள்ளையின் உடம்பு அம்மாவின் கைக்குக் கீழே, கால் முதுகுப் பக்கம், தலை முன்னால். சிசேரியன் தையல் மேல் பாரம் விழாது என்பதால் முதல் வாரங்களில் இதுவே நல்லது. பட்டை தளர்ந்தால் தலையணை தொடைச் சரிவில் முன்னால் நழுவும். அதோடு இரண்டு தலையும் மார்பை விட்டு விலகும். நன்றாகக் கவ்வியிருந்த பிள்ளை நுனிக் காம்பை மட்டும் இழுத்துக் குடிக்க ஆரம்பிக்கும். காம்பு வெடிக்கும், பால் முழுசாக இறங்காது, மார்பில் பால் கட்டிக்கொள்ளும். அம்மாவும் தன்னை அறியாமல் முன்னால் குனிவார், கழுத்தும் தோளும் போய்விடும். ‘பிள்ளைக்குச் சரியாகக் குடிக்கத் தெரியவில்லை’ என்று வீட்டில் சொல்கிற பல நேரங்களில் பிள்ளை மேல் தப்பே இருக்காது. பட்டையைப் பாருங்கள்.

இதற்குத் தற்காலிக வழி, நாடாவின் வால்பகுதியைத் திருப்பி அதே சட்டத்தில் இன்னொரு முறை நுழைத்து இழுப்பது. ஒரு வாரம் நிற்கும். நிரந்தர வழிக்குப் பை தைப்பவரிடம்தான் போக வேண்டும். புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் கொடுத்து, பழைய நாடாவை எடுத்துவிட்டு ஒன்றரை இன்ச் பருத்தி நாடாவும் இரண்டு ஸ்டீல் வளையமும் வைத்துத் தைத்ததற்கு 90 ரூபாய் ஆயிற்று. சில ஹெல்மெட்டில் தாடைப் பட்டைக்கு வருகிற அதே ஏற்பாடு: நாடா இரண்டு வளையத்துக்குள்ளும் போய், திரும்பி வரும்போது ஒன்றின் மேலும் மற்றதன் கீழுமாக வர வேண்டும். பாரம் கூடக் கூட இறுகும். தையல் சதுரமாகச் சுற்றி, நடுவில் பெருக்கல் குறி போட்டு இருக்கட்டும். ஒற்றை வரித் தையல் பிரிந்துவிடும். நீளம் இடுப்பளவுக்கு மேல் ஓர் அடி போதும். மீதி வாலைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிவிடுங்கள், பிள்ளை கழுத்துப் பக்கம் போகக் கூடாது. வளையத்தை இடது விலாப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்காரர்கள் பக்கிளை நடுமுதுகில் வைத்திருக்கிறார்கள். தையல் போட்ட வயிற்றோடு பின்னால் கையை வளைத்து அதை மாட்ட எந்தத் தாயால் முடியும்? இதைச் செய்தவர்கள் ஒருமுறை ஒரு பிரசவ வார்டில் போய் நின்று பார்த்திருக்கலாம்.

இனி நல்லது. அந்த முதுகுத் திண்டு, 12க்கு 8 இன்ச், பார்த்தால் இலவசமாகக் கொடுத்த பொருள் மாதிரி இருக்கும். இந்த மொத்த சாமானிலும் அதுதான் மணி. முதுகு நிமிர்வதற்கு மட்டும் அல்ல அது. கக்கத்துப் பிடியில் பிள்ளைகளின் கால் பின்பக்கச் சுவரையோ நாற்காலி முதுகையோ தொடும். தொட்டதும் உந்துவார்கள், உடம்பு வில்லாக வளையும், வாய் மார்பை விட்டுவிடும். நாலாம் மாதத்துக்கு மேல் உயரம் கூடக் கூட இது நாள்தோறும் நடக்கும். திண்டு அம்மாவை ஐந்தாறு இன்ச் முன்னால் தள்ளி உட்கார வைக்கிறது, கால் நீட்ட இடம் கிடைக்கிறது. அப்படியும் இடம் போதாத வளர்ந்த பிள்ளைக்கு, இடுப்பை மடக்கிக் காலைச் சுவரோரம் மேல்நோக்கி விட்டுவிட்டால் உந்தாது. ஆனால் இந்தத் திண்டு கோத்திருப்பதும் அதே பட்டையில்தான். பட்டை தளர்ந்தால் திண்டும் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும்.

உயரத்தை வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்து காம்பு வரை அளந்து, அதில் இரண்டரை இன்ச் கழியுங்கள். பாரம் ஏறி அமுங்கிய பிறகு தலையணை அந்த உயரத்துக்கு நிற்க வேண்டும். இது வாங்கும்போது 6 இன்ச். எட்டாம் மாதம் அளந்தபோது கை வரும் இடத்தில் 6, பிள்ளை கிடக்கும் நடுவில் நாலேகால். ஐந்து மாதத்தில் ஆளுக்கு ஆறு கிலோ என்றாலும் மேலே பன்னிரண்டு கிலோ ஏறுகிறது. உள்ளே இருந்தது 32 டென்சிட்டி ஃபோம். கடையில் அமுக்கிப் பார்த்துக் கெட்டியாக இருக்கிறதே என்று வாங்கிவிடுவோம். கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். எத்தனை மாதம் உயரம் குறையாமல் உழைக்கும் என்பதை அதுதான் சொல்லும். மஞ்சக்குப்பத்தில் ஒரு மெத்தைக் கடையில் 40 டென்சிட்டியை அதே அச்சுக்கு வெட்டி, உள்பக்க ஓரத்தை மட்டும் அரை இன்ச் சீவித் தந்தார்கள், 1,100 ரூபாய். அந்தச் சரிவால் பிள்ளை வெளிப்பக்கம் உருளாமல் அம்மா பக்கமே சாய்ந்து கிடக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பக்கமும் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஒரு இன்ச்சுக்கு மேல் அமுங்கினால் திருப்பி அனுப்பிவிடலாம்.

எங்கே உட்காருவது என்பதை யாரும் சொல்வதில்லை. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் இது உட்காராது. தலையணையின் இரண்டு சிறகும் நாற்காலிக் கையில் ஏறி, பிள்ளையைத் தோள் வரை தூக்கிவிடும். கட்டில் ஓரம் நல்லது, ஆனால் கால் தொங்கினால் தொடை முன்னால் சரியும், மொத்தப் பாரமும் பட்டைக்கு வரும். காலுக்கடியில் மணைப்பலகையோ குட்டி முக்காலியோ போட்டு, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தரையில் என்றால் சுவரில் சாய்ந்து கால் நீட்டி, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டு. சம்மணம் போட்டால் மடி உயர்ந்துவிடும், அப்போது இந்தத் தலையணை அதிகப்படி.

கவ்வ வைக்கும்போது, சிரமப்படுகிற பிள்ளையை முதலில் பிடியுங்கள். அதற்கு இரண்டு கையும் வேண்டும். கழுத்தும் தோளும் சேர்கிற இடத்தைத் தாங்க வேண்டும், பின்மண்டையைப் பிடித்து அழுத்தினால் பிள்ளை திமிறும். வாய் பெரிதாகத் திறந்தபோது பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைப் பிள்ளைக்கு அல்ல. முதல் ஒன்றரை மாதம் இரண்டாவது பிள்ளையை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும், அம்மாவோ நாத்தனாரோ வீட்டுக்காரரோ. விடுவிக்கும்போது சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துக் காற்றுப்பிடியை உடைத்த பிறகு எடுங்கள். பக்கத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது சுரப்புக்கும் நல்லது, பிள்ளைகளின் கழுத்துக்கும் நல்லது.

குடித்து முடித்துத் தூங்கிவிட்டால் உடனே எடுத்துக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட வேண்டும். ‘கையை எடுத்தாலும் அசையாமல் கிடக்கிறதே’ என்று இதில் தூங்க விடவே கூடாது. முகவாய் நெஞ்சில் மடிந்தால் பச்சைப் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் அடைபடும், முகம் ஃபோமில் புதைந்தாலும் அதே ஆபத்து. இத்தகைய மரணங்களைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 2024இல் பாலூட்டும் தலையணைகளுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதியே கொண்டுவந்தார்கள். இரவு மூன்று மணிக்கு அம்மாவும் கண்ணயர்ந்துவிடுவார், அதனால் அந்நேரம் வீட்டில் இன்னொருவர் விழித்திருப்பது தலையணையைவிட முக்கியம்.

கவர் புசுபுசு பாலியெஸ்டர். நம் கடலோரச் சித்திரை வெயிலில், கரண்ட் போன மதியத்தில், பிள்ளை முதுகெல்லாம் வேர்க்குரு. பழைய நாலு முழ வேட்டியை நான்காக மடித்து மேலே போட்டால் போதும். கக்கினாலும் வேட்டியை மட்டும் அலசலாம். ஐப்பசி, கார்த்திகையில் கவர் காய இரண்டு நாள் ஆகிறது, ஒரே ஒரு கவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தையல்காரரிடம் காடாத்துணியில் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள், ஜிப் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும், உப்புக்காற்றுக்கு இரும்பு ஜிப் துருப்பிடிக்கும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பெய்த மாதிரி ஒரு மழை வந்து, ஃபோம் தரையில் கிடந்து நனைந்தால் பிறகு அது எதற்கும் உதவாது. உள்ளே பூஞ்சை பிடிக்கும். அந்த மாதிரி நாளில் பரண்தான் அதற்கு இடம்.

இலவம் பஞ்சுத் தலையணைகளை அடுக்கிச் சமாளிக்க முடியாதா என்று கேட்பார்கள். பிள்ளை புதைந்து, தலை மார்புக்குக் கீழே போய்விடும். அவசரத்துக்கு ஜமுக்காளத்தை மடித்துக் கீழே வைத்து அதன் மேல் ஒரு தலையணை என்று இரண்டு பக்கமும் வைத்தால் ஓரளவு தளம் நிற்கும். ஒற்றைப் பிள்ளைக்கான வளைந்த தலையணை வேண்டவே வேண்டாம், மேல்பாகம் உருண்டையாக இருப்பதால் இருவரும் வெளியே சரிவார்கள்.

முதல் நாலு மாதம் இந்தத் தலையணை இல்லாவிட்டால் இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்திருக்கவே முடியாது. ஒவ்வொருவருக்கும் நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை என்றால் தனித்தனியாகக் கொடுக்கிற தாய்க்குத் தூக்கம் எங்கே? அந்த நன்றி இருக்கிறது. இருந்தும் 2,600க்கும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 90 ரூபாய் நாடாவில் மிச்சம் பிடித்து ஒரு தாயின் காம்பு வெடிக்கக் காரணமான பொருளுக்கு விலை குறைந்தால் என்ன, கூடினால் என்ன.

மெத்தைக் கடையில் 40 டென்சிட்டியில் வெட்டிக்கொள்ளுங்கள். வெளி அகலம் 38 இன்ச், சிறகு ஒவ்வொன்றும் 12, நடுவில் இடுப்புக்கு 14, உயரம் மேலே சொன்ன அளவுப்படி. முதுகுத் திண்டையும் அதே ஃபோமின் வெட்டுத்துண்டில் கேளுங்கள். எட்டாம் மாதத்துக்குள் கவர், வளையம் வைத்த பட்டை எல்லாம் தைத்து வீட்டில் இருக்க வேண்டும், இரட்டைப் பிள்ளைகள் தேதிக்கு முன்னாலேயே வருவது சகஜம்.