முப்பது கியூப், இரண்டு கணக்கு: பெர்சென்டைலா, மாடலா?

கான்கிரீட் போட்ட அன்றே 150 மில்லிமீட்டர் அச்சில் எடுத்து வைத்த கியூபை 28 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எண் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பக்கங்கள் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி ஒரு துண்டு மிஞ்சும். மூன்று கியூபின் சராசரிதான் ஒரு மாதிரியின் முடிவு. அது ரிஜிஸ்டரில் ஏறும். நான் வேலை பார்த்த சைட்டுகளில் வாக்குவாதம் கிளம்புவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இத்தனை எண் இருக்கிறதே, கான்கிரீட் தேறியதா இல்லையா?

எம் 25 என்ற கான்கிரீட் தரம் என்றால் என்ன என்பதை, இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 தெளிவாகவே சொல்கிறது. முடிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 25 எம்பிஏ-வுக்கு (மெகாபாஸ்கல், வலிமையை அளக்கும் அலகு) கீழே விழக் கூடாது. அதாவது வலிமையின் 5-வது பெர்சென்டைல் 25 இருக்க வேண்டும். பள்ளிப் பாடநூலில் இதற்கு நூற்றுமானம் என்று பெயர்; சைட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த 5-வது பெர்சென்டைலைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, முடிவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழிருந்து எண்ணுவது. தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று எதையும் நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. இன்னொன்று, வலிமை மணி வடிவ இயல்நிலைப் பரவலில் அமைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, சராசரியிலிருந்து 1.65 மடங்கு திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கழிப்பது. இது மாடல். கலவை வடிவமைக்கும்போது நாம் செய்வது இதே கணக்கைத் திருப்பிப் போடுவதுதான். எம் 25-க்குத் திட்டவிலக்கம் 4 என்று வைத்து, 25 கூட்டல் 1.65 பெருக்கல் 4, ஆக 31.6 சராசரியாக வர வேண்டும் என்று குறிவைக்கிறோம்.

இரண்டையும் ஒரே ரிஜிஸ்டரில் போட்டுப் பார்க்கலாம். சைட்டின் சொந்தத் திட்டவிலக்கத்தைக் கணக்கிடக் குறைந்தது 30 மாதிரி வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. கணக்குக்காக 30 முடிவுகள், சராசரி 32, திட்டவிலக்கம் 4 என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து முதல் மூன்று எண்கள் 23.8, 26.1, 26.4. மாடல் சொல்லும் விடை 32 கழித்தல் 6.6, அதாவது 25.4. தேறிவிட்டது.

அடுக்கி எண்ணினால்? முப்பதில் ஐந்து சதவீதம் ஒன்றரை. ஒன்றரையாவது கியூப் என்று ஒன்று கிடையாதே. எக்ஸெலில் இதற்கு இரண்டு சூத்திரம் இருக்கிறது. பெர்சென்டைல் டாட் இன்க் 2.45-வது இடத்தைப் பார்த்து 26.2 என்கிறது. பெர்சென்டைல் டாட் எக்ஸ்க் 1.55-வது இடத்தைப் பார்த்து 25.1 என்கிறது. அதே தரவு, அதே கம்ப்யூட்டர், ஆனால் விடையில் ஒரு எம்பிஏ-வுக்கு மேல் வித்தியாசம். 1996-ல் ராப் ஹைண்ட்மன், யனான் ஃபான் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் மென்பொருள்களில் புழங்கும் முறைகளைத் தொகுத்தபோது ஒன்பது வகை கிடைத்தன. ஆயிரம் எண் இருந்தால் ஒன்பதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கும். முப்பதில் நிற்காது. 'பெர்சென்டைலில் ஊகமே இல்லை' என்று யாராவது சொன்னால், எந்தச் சூத்திரம் என்று நான் கேட்டுவிடுவேன்.

இப்போது அந்த மோசமான மாதிரி 23.8 இல்லை, 21 என்று மாற்றுவோம். சராசரி 31.9 ஆகும், திட்டவிலக்கம் 4.2-ஐத் தாண்டும், மாடலின் விடை 24.9-க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு மாதிரி முழு முடிவையும் புரட்டிவிட்டது. எக்ஸ்க் சூத்திரம் 23.8-க்கு விழுகிறது. இன்க் சூத்திரமோ அதே 26.2-ல் அசையாமல் நிற்கிறது, ஏனென்றால் அது இரண்டாவது, மூன்றாவது எண்ணைத்தான் பார்க்கிறது. கடைசிக் கியூப் 21 ஆனாலும் 11 ஆனாலும் அதற்குத் தெரியாது. நம் கட்டிடத்தில் இருக்கும் ஆக மோசமான கான்கிரீட்டைக் கண்ணெடுத்துப் பார்க்காத ஒரு சூத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது.

இதைப் பார்த்துவிட்டு மாடலே நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 27 மாதிரி 33-ஐச் சுற்றி, 2.5 திட்டவிலக்கத்தோடு வருகின்றன. மீதி மூன்று 22-ஐ ஒட்டி வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி வரத் தாமதமாகி, கலவை இறுகிவிட்டது என்று யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டால் இப்படி நடக்கும். மொத்தச் சராசரி 31.9, திட்டவிலக்கம் ஏறத்தாழ 4.1. மாடல் கொடுப்பது 25.1, தேறிவிட்டது. ஆனால் கண் முன்னால் பத்து சதவீத மாதிரிகள் 25-க்குக் கீழே கிடக்கின்றன, ஐந்துதான் அனுமதி. இங்கே எக்ஸெலின் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் 22 பக்கத்தில்தான் விடை வரும். எண்களை அடுக்கிப் பார்க்கும் யார் கண்ணிலும் அது பட்டுவிடும். இரண்டு வேறு கான்கிரீட்டை ஒரே மணி வடிவத்துக்குள் திணித்தால் மாடல் முனகாமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஐஎஸ் 456 ஏற்பு நிபந்தனையில் தொடர்ச்சியான நான்கு முடிவுகளின் சராசரிக்கு ஒன்று, தனித்தனி முடிவுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது.

எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்?

மேலே போட்ட கணக்கு எல்லாவற்றிலும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டோம். 30 மாதிரியிலிருந்து வந்த சராசரியும் திட்டவிலக்கமும் உண்மையானவை என்று நினைத்துக்கொண்டோம். வேறு 30 எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். 5-வது பெர்சென்டைல் இதற்குக் கீழே போகாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், இயல்நிலை மாடலில் 1.65 இருந்த இடத்தில் 2.22 வர வேண்டும். அப்போது 32 கழித்தல் 8.9, விடை 23.1. சற்று முன் தேறிய அதே ரிஜிஸ்டர்தான்.

அடுக்கி எண்ணும் வழியில் இதே உறுதி வேண்டுமானால் கணக்கு இன்னும் எளிது, ஆனால் விலை கூட. ஒரு மாதிரி 5-வது பெர்சென்டைலுக்கு மேலே இருக்க 0.95 வாய்ப்பு. முப்பதும் மேலேயே இருக்க 0.95-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும், 0.21 வரும். அதாவது ஐந்தில் ஒரு தடவை, நாம் பார்த்ததிலேயே சிறிய எண்கூட உண்மையான 5-வது பெர்சென்டைலுக்கு மேலேதான் நிற்கும். இந்த வாய்ப்பு 0.05-க்குக் கீழே இறங்க 59 மாதிரி தேவை. சாமுவேல் வில்க்ஸ் என்ற புள்ளியியலாளர் 1941-ல் வகுத்த வழி இது.

இந்த 59-ஐ அணு உலைப் பாதுகாப்புக் கணக்குகளில் இன்றும் பார்க்கலாம். குளிர்விக்கும் நீர் போய்விட்டால் எரிபொருள் உறையின் வெப்பம் 1204 டிகிரி செல்சியஸைத் தாண்டுமா என்று கம்ப்யூட்டர் நிரலை, உள்ளீடுகளை மாற்றி மாற்றி, 59 முறை ஓட்டுகிறார்கள். அதில் வந்த ஆக உயர்ந்த வெப்பத்தை 95-வது பெர்சென்டைலுக்கான மேல் எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். உறை வெப்பம் என்ன வடிவத்தில் பரவும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் வடிவமே கேட்காத வழியைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. கூடுதலாக 29 தடவை ஓட்ட முடிந்தால், ஒரு ஊகத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். கியூபில் அது முடியாது. ஊற்றிய கான்கிரீட்டுக்கு இருக்கிற மாதிரி அவ்வளவுதான்.

தரவு எட்டாத இடம்

1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி நெதர்லாந்தின் கரைகளை உடைத்தது. அந்த நாட்டில் மட்டும் 1836 பேர் இறந்தார்கள். ஹூக் ஆஃப் ஹாலந்து என்ற கடலோர ஊரில் நீர்மட்டம் 3.85 மீட்டரைத் தொட்டது. அதற்குப் பின் அமைந்த டெல்டா குழு, ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ள மட்டத்துக்கு எதிராகக் கரை கட்ட வேண்டும் என்று முடிவெடுத்து, அங்கே 5 மீட்டரைக் குறித்தது.

நூறு ஆண்டுப் பதிவு கையில் இருந்தாலும் அதை அடுக்கி எண்ணிப் பத்தாயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பட்டியல் நூறோடு முடிந்துவிடுகிறது. இங்கே மாடலைத் தவிர வேறு கதியில்லை. வெமல்ஸ்ஃபெல்டர் என்ற டச்சுப் பொறியாளர், வெள்ளத்துக்குப் பதினான்கு ஆண்டு முன்பே, 1939-ல், ஹூக் ஆஃப் ஹாலந்தின் உயர்மட்டங்களை மடக்கைத் தாளில் குறித்துப் பார்த்தார். அவை ஏறத்தாழ நேர்க்கோட்டில் விழுந்தன. பத்து மடங்கு அரிதாகும் ஒவ்வொரு முறையும் உயரம் ஒரே அளவு கூடுகிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டைத் தாளின் விளிம்பு வரை நீட்டலாம் என்பது ஊகம்தான். ஆனால் அது தாளில் எல்லோரும் பார்க்கும்படி வரைந்த ஊகம். கோடு வளைகிறது என்று நினைப்பவர் வளைத்துக் காட்டி வாதாடலாம். மாடல் விஷயத்தில் நான் கேட்பதும் இவ்வளவே. எந்தக் கோடு, எந்தப் புள்ளிக்கு அப்பால் தரவு இல்லை என்று வரைந்து காட்டுங்கள்.

கம்ப்யூட்டர் சர்வர்கள் இதற்கு நேர் எதிர். நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் கோரிக்கை வரும் இடத்தில் 99-வது பெர்சென்டைல் எவ்வளவு நேரம் என்று தெரிய எந்த மாடலும் வேண்டாம், எண்ணினாலே போதும். தவறு நடப்பது எண்ணிய பிறகு. பத்து சர்வரின் 99-வது பெர்சென்டைல்களைக் கூட்டிப் பத்தால் வகுத்து டாஷ்போர்டில் போடுகிறார்கள். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒரு பக்கம் திறக்க 100 சர்வரைக் கேட்க வேண்டியிருந்து, ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு தடவை மட்டும் மந்தமாகும் என்றாலும், நூறு பக்கத்தில் 63 பக்கம் மந்தமாகத் திறக்கும். இந்த உதாரணத்தை 2013-ல் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் எழுதிய கட்டுரை பரவலாக்கியது.

குழந்தைகளின் வளர்ச்சி அட்டையில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அட்டைக்கு இந்தியா உள்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்தார்கள். அம்மா பார்ப்பது பெர்சென்டைல் கோடு. அதன் அடியில் இருப்பது மாடல். ஒவ்வொரு மாதமும் தனித்தனியாக எண்ணியிருந்தால் கோடு பல் பல்லாகப் போயிருக்கும். மெலிந்த குழந்தைகளிடம் வரும்போது பெர்சென்டைல் கைவிட்டுவிடுகிறது. இசட் மதிப்பு என்பது சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண். அது கழித்தல் 3 என்றால் 0.1-வது பெர்சென்டைல், கழித்தல் 4 என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம். அட்டையில் இரண்டும் 'கடைசிக் கோட்டுக்குக் கீழே' என்று ஒன்றாகிவிடும். ஒரு குழந்தை கழித்தல் 4-லிருந்து கழித்தல் 3-க்கு ஏறியிருக்கிறது என்றால் அது பெரிய முன்னேற்றம். மாடலின் இசட் மதிப்பில்தான் அது தெரியும்.

என் ரிஜிஸ்டருக்கு வருகிறேன். இப்போதெல்லாம் முதலில் 30 எண்ணையும் வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்க்கிறேன், கான்கிரீட் போட்ட தேதி வாரியாக ஒரு தடவை, லாரி வாரியாக ஒரு தடவை. ஒரே கும்பலாக இருந்தால் மாடல் போடுகிறேன், 1.65-க்கான விடையையும் 2.22-க்கான விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன். இரண்டு கும்பலாகப் பிரிந்தால் எந்தச் சூத்திரத்தையும் தொடுவதில்லை. அந்த மூன்று மாதிரி எந்த லாரி, எத்தனை மணிக்கு வந்தது, அது எந்தத் தூணில் போயிற்று என்று தேடப் போகிறேன். தூண் எண் கிடைத்ததும், கான்கிரீட்டைத் தட்டி அதன் வலிமையை மதிப்பிடும் ரீபவுண்ட் ஹேமரை எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டியதுதான்.