வீட்டிலேயே பலகையில் கிறிஸ்துமஸ் மரம்: சொருகு மரமா, சுழல் மரமா?

சவுக்குக் கொப்பை வாளி மணலில் நட்டு வைத்துத்தான் நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடி வளர்ந்தோம். தூத்துக்குடிப் பக்கம் பைன் மரத்துக்கு எங்கே போவது? சவுக்கு பார்வைக்கு ஊசி இலை மாதிரியே இருக்கும், ஆனால் அது இலை இல்லை, பச்சைக் காம்பு. வெட்டிக் கொஞ்ச நாளிலேயே கணுக்கணுவாகக் கழன்று கூடமெல்லாம் கொட்டும். அம்மா பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போன ஒரு வருஷம்தான், பலகையில் ஒரு மரம் செய்து பார்ப்போமே என்று ரம்பத்தைக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகு நாலு விதமாகச் செய்து பார்த்தாயிற்று.

படத்தைப் பார்த்து எது அழகு என்று தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. எல்லாமே சீரியல் செட் போட்டுவிட்டால் அழகாகத்தான் இருக்கும். மரம் கூடத்தில் நிற்பது அதிகம் போனால் மூன்று வாரம், ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளோடு எடுத்துவிடுவோம், மீதிப் பதினொரு மாதமும் அது பரண்மேல் வெக்கையிலும் ஈரத்திலும் கிடக்கப்போகிறது. அந்தப் பதினொரு மாதத்தைத் தாங்குமா, வேலை தெரியாத கைக்கு அடங்குமா, இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

எல்லோரும் முதலில் செய்வது சொருகு மரம். ஒரே அளவில் இரண்டு முக்கோணப் பலகை, ஒன்றில் கீழிருந்து பாதிவரை ஒரு பிளவு, மற்றதில் மேலிருந்து பாதிவரை ஒரு பிளவு, ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகினால் மேலிருந்து பார்க்கையில் கூட்டல் குறி போல நின்றுகொள்ளும். ஆணி இல்லை, கோந்து இல்லை. பிளைவுட் கடையில் கட் பீஸ் என்று தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதில் 2 அடிக்கு 2 அடி, 12 மி.மீ. துண்டு ஒன்று போதும். அடி 38 செ.மீ., உச்சி 5 செ.மீ., உயரம் 60 செ.மீ. என்று வரைந்து, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அந்தத் துண்டுக்குள் அடங்கிவிடும், நடுவில் ஒரே கோடு இரண்டு பலகைக்கும் ஓரமாகிவிடுவதால் ஒரு அறுப்பும் மிச்சம்.

உச்சி 5 செ.மீ. என்று சொன்னதைக் கவனியுங்கள். படங்களில் கூர் உச்சியாகத்தான் காட்டுவார்கள், நானும் முதலில் கூராகவே வரைந்தேன். மேலிருந்து பிளவு வெட்டும் பலகையில், 12 மி.மீ. அகலத்துக்கு நடுவில் எடுத்துவிட்டால், உச்சியில் கிட்டத்தட்ட 2 செ.மீ. உயரத்துக்கு மரமே மிஞ்சாது, அதற்குக் கீழேயும் இரண்டு பக்கமும் பல்குச்சி கனத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், உப்புத்தாள் பட்டாலே உடைந்து வரும். மொட்டையாக விட்டு அதன் மேல் நட்சத்திரத்தை உட்காரவைத்தால் குறையே தெரியாது.

அடுத்தது பிளவின் அகலம். ஜிக்சா என்ற கை ரம்ப மெஷினில் வெட்டி, சொருகிப் பார்த்து, கச்சிதமாக உட்கார்ந்த சந்தோஷத்தில் தச்சுப் பட்டறை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சொருகினார், கழற்றினார், "நல்லாத்தான் இருக்கு, பெயிண்ட்டுக்கு எடம் விட்டியா?" என்றார். ப்ரைமர் ஒரு கோட்டு, பெயிண்ட் இரண்டு கோட்டு, பலகையின் இரண்டு முகத்திலும் ஏறும்போது கனம் கூடும், பிளவின் உள்பக்கமும் குறுகும். கால் நூல் கூடுதலாக விடச் சொன்னார், அதாவது முக்கால் மி.மீ. அளவு. அதற்கு அரம் பிடித்துத் தேய்க்க அரை மணி நேரம் ஆனது. அப்படியே பெயிண்ட் அடித்திருந்தால் டிசம்பர் ஈரத்தில் உள்ளேயே போயிருக்காது. இன்னொன்று, 12 மி.மீ. என்று எழுதியிருக்கும் பலகை பலநேரம் சரியாக 12 இருக்காது, கையில் இருக்கும் துண்டையே அளந்து கோடு போட வேண்டும்.

சரி, இவ்வளவு பார்த்தும் சொருகு மரம் அரை நாள் வேலைதான். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கோடு போடலாம், தேய்க்கலாம். பிரித்தால் இரண்டு பலகை, அலமாரிக்குப் பின்னால் போய்விடும். குறை எல்லாம் பலகையில்தான் இருக்கிறது. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்று முத்திரை இருந்தால் சாதாரண ரகம், அதிலேயே எம்.ஆர். என்று போட்டிருந்தால் வீட்டுக்குள் வரும் ஈரக்காற்றைத் தாங்கும், நிற்கிற தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 மரைன் ரகம், விலை கூடுதல், ஆனால் கட் பீஸாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பிளைவுட்டின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரியும், பட்டி போட்டு மூடிவிட்டுத்தான் பெயிண்ட். எம்.டி.எப். பலகை, அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது, இருக்கிறதே, வெட்ட வெண்ணெய் மாதிரி இருக்கும், ஓரம் வழவழவென்று வரும், பெயிண்ட் அடித்தால் கடையில் வாங்கினதுபோல் நிற்கும். முகமூடி இல்லாமல் மட்டும் அறுக்கக்கூடாது, தூள் அவ்வளவு பொடி. நான் செய்ததிலேயே பார்க்க அழகான மரம் எம்.டி.எப்.பில் செய்ததுதான்.

அந்த மரம் 2023 டிசம்பரில் போயிற்று. டிசம்பர் 17, 18 மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. எங்கள் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறி, இரண்டு நாள் நின்றது. கூடத்தில் அப்போது இரண்டு மரம் இருந்தது, ஒன்று எம்.டி.எப். சொருகு மரம், இன்னொன்று அதற்கு முந்தின வருஷம் செய்த சுழல் மரம், அதாவது பலகைத் துண்டுகளை ஒரு கம்பியில் கோத்து நட்டுப் போட்டு இறுக்கியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், சொருகு மரத்தின் அடி, பாலில் நனைந்த ரஸ்க் மாதிரி ஊதி, இரண்டு பங்கு கனமாகி, பிளவுக்குள் இறுகி, கழற்றவே முடியவில்லை. இழுத்த இடம் கையோடு பிய்ந்து வந்தது. சுழல் மரத்தின் கீழ் நட்டைக் கழற்றி, பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, நல்ல தண்ணீரில் கழுவி, மாடிப் படியில் நிழலில் வரிசையாகப் பரப்பினோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் மறுபடி கோத்து நிறுத்தினோம். அடிப் பலகைகள் இரண்டில் கறை இருந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் வேறு அலங்காரம் எதுவும் இல்லை, அது மட்டும்தான் நின்றது.

அதனால் சுழல் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கம்பி, அதில் கோத்த பலகைத் துண்டுகள், கீழே நீளம், மேலே போகப் போகச் சிறியது. 25 துண்டு வைத்துக்கொண்டு, கீழ்த்துண்டு 40 செ.மீ., மேல்துண்டு 4 செ.மீ. என்றால், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒன்றரை செ.மீ. குறைவு. கனம் 18 மி.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ. எல்லாத் துண்டும் சேர்த்து ஐந்தரை மீட்டர் ரீப்பர் (ஒல்லியான மரப்பட்டை), அதாவது 18 அடி. அகலம் 3 செ.மீ. போதும்.

மரத்துக்கு எங்கள் ஊரில் கவலை இல்லை. துறைமுக ஊர் என்பதால் பழைய மரக்கடைகளில் பாலட் (சரக்கு அடுக்கி ஏற்றும் மரத்தட்டு) பலகை கிடைக்கும், பெரும்பாலும் பைன். வாங்குமுன் முத்திரையைத் தேடுங்கள், கோதுமைக் கதிர் படம் போட்டு, பக்கத்தில் நாட்டின் பெயர் எழுத்தும் எச்.டி. அல்லது எம்.பி. என்றும் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்மையம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் இருக்கும்படி வேகவைத்தது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அது விஷவாயு, அந்தப் பலகை வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததும் வேண்டாம், அதில் என்ன கொட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், வெளிர் நிறம், இழைத்தால் அருமையாக வரும், ஆனால் மருந்தில் ஊறவைத்துக் காயவைத்த பலகையாகத்தான் வாங்க வேண்டும். பச்சையாக வாங்கினால் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் உளுத்து மாவாகக் கொட்டும்.

பாலட் பலகையைக் கையால் நீளவாக்கில் கிழிக்க முயற்சி பண்ணாதீர்கள், ஆணி இருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கிவிட்டு ஒரு பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் 3 செ.மீ. பட்டையாகக் கிழித்துத் தருவார்கள். துண்டு போடுமுன் நீளப் பட்டையாக இருக்கும்போதே இழைப்புளி போட்டு, 80, 120 உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள், 25 துண்டைத் தனித்தனியாகத் தேய்ப்பது கொடுமை. நீளமான துண்டை முதலில் வெட்டிக்கொண்டு வந்தால் கழிவில் சின்னது எல்லாம் கிடைத்துவிடும். அறுப்பு ஒரு மி.மீ. இரண்டு மி.மீ. தவறினாலும் யாருக்கும் தெரியாது, துண்டுகள் ஆளுக்கொரு திசையில் திரும்பி நிற்பதால் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி அமையாது. முதல்முறை ரம்பம் பிடிப்பவருக்கு இதைவிட இரக்கமான வேலை இல்லை.

கவனம் வேண்டியது ஓட்டையில் மட்டும். கம்பிக்கு ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ. த்ரெட் ராடு, அதாவது முழுக்க மரை போட்ட கம்பி, ஒரு மீட்டராகக் கிடைக்கும், அரை மீட்டருக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஓட்டை 9 மி.மீ., ஒவ்வொரு துண்டுக்கும் நட்டநடுவில். கையில் பிடிக்கிற ட்ரில்லிங் மெஷின் கொஞ்சம் சாய்ந்தாலும் துண்டு சாய்ந்து உட்காரும், 25 சாய்வும் சேர்ந்தால் மரம் கூன் போட்டு நிற்கும். நான் ஒரு தடித்த கட்டையில் பட்டறை மெஷினில் செங்குத்தாக ஒரு ஓட்டை போட்டு வாங்கி, அதையே ஒவ்வொரு துண்டின் மேலும் வைத்து, அதன் வழியாகத் துளைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சாயவில்லை. அடியில் 20 செ.மீ. சதுரப் பலகை, அதன் கீழ்ப்பக்கம் நட்டு உள்ளடங்கக் குழி, மேலே வாஷரும் நட்டும்.

கோத்து முடித்து, ஒவ்வொரு துண்டாக விரலால் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிக்கொண்டே வரும்போது, தட்டையாக இருந்த ஏணி கண்முன்னே மரமாக விரியும், அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே செய்யலாம். அரை வட்டம் திருப்பினால் போதும், துண்டுக்கு இரண்டு முனை இருப்பதால் முழு வட்டமும் நிரம்பிவிடும். ஜனவரியில் எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பி, அடிப்பலகையைக் கழற்றினால், 3 செ.மீ. கனத்தில் ஒரு தட்டை முக்கோணம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொள்ளும். மே மாதம் மரம் சுருங்கி ஆடும், மழைக்காலத்தில் உப்பி இறுகும், நட்டை இரண்டு சுற்று இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும். நேரம் மட்டும் கேட்கும், முழுசாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடமே இல்லாத வாடகை வீட்டுக்குச் சுவரில் தொங்கும் கொம்பு மரம் நல்லது, ஏழெட்டுச் சவுக்குக் குச்சி, இரண்டு பக்கமும் கயிறு, ஒரு ஆணி. ஆனால் டிசம்பரில் வெட்டிய பச்சைக் குச்சியில் செய்தால் காயும்போது முடிச்சு தளரும், பட்டை உரியும். ஏப்ரலிலேயே வெட்டி நிழலில் காயப்போட்டு வைக்க வேண்டும், அந்தப் பொறுமை இருந்தால் செலவில்லாத மரம் இதுதான்.

முழுக்கட்டையில் அறுக்கும் சின்ன மரம் வேறு ஜாதி வேலை. சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகத்தில் மரப்படம் ஒட்டி, ஒரு முகத்தை அறுத்து, விழுந்த துண்டுகளைத் திரும்ப டேப் போட்டு ஒட்டி, கட்டையைத் திருப்பி அடுத்த முகத்தை அறுத்தால், உள்ளே இருந்து மரம் வெளியே வரும். மேஜைமேல் மூன்று நான்கு வைத்தால் தோப்பு மாதிரி இருக்கும், பரணில் இடமே கேட்காது. ஆனால் பேண்ட்சா (வளையமாகச் சுற்றும் பட்டை ரம்ப மெஷின்) இல்லாமல் இதில் இறங்காதீர்கள், கைரம்பத்தில் அறுத்தால் கோடு கட்டைக்குள்ளேயே வளைந்துபோய் மறுபக்கம் வேறெங்கோ வெளியே வரும். ஜெர்மனியில் எர்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் சைஃபன் என்ற ஊரில் லிண்டன் மரக் குச்சியை உளியால் சீவிச் சீவி, சுருள் உதிராமல் அடுக்கடுக்காக நிறுத்தி மரம் செய்கிறார்கள். வெள்ளீயச் சுரங்க வேலை குறைந்த பிறகு மரக்கடைசலுக்கும் பொம்மைக்கும் மாறிய ஊர் அது. அந்தக் கை வர எனக்கு இன்னும் பல வருஷம் ஆகும், ஆசை இருக்கிறது.

எந்த மரமானாலும் இரண்டு விஷயம். ஒன்று, எனாமல் அடிப்பதாக இருந்தால் நவம்பர் மழைக்கு முன்னாலேயே அடித்துவிடுங்கள், ஈரக்காற்றில் நாள்கணக்கில் பிசுபிசுக்கும், நேரமாகிவிட்டால் தண்ணீரில் கரையும் பெயிண்ட் போதும். பைனின் நிறம் அப்படியே தெரிய ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், கொடியில் விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும். இன்னொன்று சீரியல் செட், எல்.இ.டி. மட்டும், வயரின் மேல் ஆணி அடிக்கக்கூடாது, சொருகு மரமாக இருந்தால் பல்பின் அளவுக்குத் துளை போட்டுப் பின்னாலிருந்து நுழைத்தால் முன்னால் வெளிச்சப் புள்ளி மட்டும் தெரியும்.

அக்டோபரில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மதியத்தில் முடிக்க வேண்டுமென்றால் மரைன் பிளைவுட்டில் சொருகு மரம். இரண்டு ஞாயிறு ஒதுக்க முடியுமென்றால் சுழல் மரம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுச் சுழல் மரத்தில் கறை பட்ட அந்த இரண்டு அடிப்பலகையை மாற்றித் தருகிறேன் என்றேன், அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அப்படியேதான் இருக்கிறது.