சூடானால் மட்டும் அணைந்த இஞ்சின்: பழைய ஜப்பான் வேகனுடன் என் அனுபவம்

மியான்மரின் பெகு நகரில் இருக்கும் நண்பர் ஒருவர், என்னிடம் உள்ள அதே ரக ஜப்பானிய வேகன் விலை குறைந்து வந்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். 1.5 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 1970-இலேயே சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்ட நாட்டில், வலப்பக்க ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு முன்னால் போகும் லாரியை முந்துவது எவ்வளவு சிரமம் என்பதும் இங்கே எவருக்கும் புதிதல்ல. ஆகவே, என்னை நெடுங்காலம் வதைத்த ஒரே கோளாற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் அணைந்துவிடும். அதுவும் ஏப்ரல் வெயிலில், ஏசி ஓட, யாங்கோனின் ஹ்லெடான் சந்திப்பில் வண்டிகள் நகர மறுக்கும் நேரத்தில்தான். குலுக்கல் இராது, இருமல் இராது. சாவியைத் திருகி நிறுத்தியது போல் ஒரே நொடியில் அடங்கிவிடும். அத்துடன் ஸ்டியரிங் இறுகிப்போகும். பிரேக்கோ ஓரிரு மிதிக்கு மேல் கல்லாகிவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடவாதது போல முதல் முயற்சியிலேயே கிளம்பும். மெக்கானிக் வந்து பானெட்டைத் திறப்பதற்குள் கோளாறு போயிருக்கும் என்பதால், ஓடுகிற வண்டிக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லும் பைத்தியக்காரனாக நான்தான் நிற்பேன்.

ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். இஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டிலைக் கழற்றிக் கரி நீக்கினார்கள். பிறகு பெட்ரோல் பில்டர், அதன் பிறகு பெட்ரோல் பம்ப். பம்ப் மாற்றிய கையோடு மழைக்காலம் தொடங்கியது. வண்டியும் நிற்காமல் ஓடியது. குணப்படுத்தியது மழை, பெயர் வாங்கியது பம்ப். அடுத்த கோடையில் அதே சந்திப்பில் மறுபடியும் நின்றபோது, பழைய பம்பையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன், அதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இத்தகைய கோளாற்றை வண்டி நின்றுபோன அந்தக் கால் மணி நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். பெட்ரோல் வராமல் போனால் இஞ்சின் பெரும்பாலும் திணறி, இழுவை குறைந்து, பிறகே அணையும். பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி அறுந்தால் பட்டென்று நிற்கும். நின்றதும் சாவியை ஒரு கட்டம் திருப்பினால், பின்இருக்கைக்கு அடியில் பம்ப் இரண்டொரு நொடி முனகுவது கேட்கும். கேட்டால் பம்பும் அதற்கு மின்சாரம் விடும் ரிலேயும் பெரும்பாலும் சரி. அடுத்து, ஸ்டார்ட் செய்துகொண்டே, இஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைக் கவனிக்க வேண்டும். இஞ்சின் சுற்றும்போது அது சிறிதளவேனும் எழும்ப வேண்டும். என் வண்டியில் அது பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இஞ்சின் சுழல்வதை வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சார் மௌனமாகிவிட்டால், இஞ்சின் நின்றுவிட்டதாகவே எண்ணி அந்தக் கம்ப்யூட்டர் மின்பொறியையும் பெட்ரோலையும் சேர்த்து நிறுத்திவிடும். எச்சரிக்கை விளக்கு எரியாததற்கும், ஸ்கேனரில் எந்தக் கோளாறுக் குறியீடும் பதிவாகாததற்கும் காரணம் அதுவே. இந்த வடிவமைப்பை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

கடைசியில் யாங்கோனின் இன்செயின் பகுதியில் வயரிங் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் சென்சாரைக் கழற்றினார். எண்ணெயும் புழுதியும் அப்பிய, கட்டைவிரல் அளவுள்ள துண்டு. உள்ளே ஒரு காந்தமும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் பின்களில் பிடித்தபோது ஏறக்குறைய 2000 ஓம் காட்டியது. அதில் குறையேதும் இல்லை. பிறகு டம்ளரில் கொதிநீரை ஊற்றி, பின்கள் நனையாமல் சென்சாரின் முனையை மட்டும் அமிழ்த்தினார். எண் மெல்ல ஏறியது. செம்பு சூடானால் அப்படித்தான் ஏறும். 2300-ஐத் தாண்டிய சற்று நேரத்தில் மீட்டர் சட்டென்று வெறுமையாயிற்று. வெளியே எடுத்து ஆறவிட்டதும் எண் திரும்பி வந்தது. சூட்டில் விரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ விட்டுப்போகும் ஒரு மயிரிழைக் கம்பி! அதற்காகவா ஒரு பம்பைப் பறிகொடுத்தேன்?

பழைய சாமான் கடையில் சென்சார் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் இதே வயதில், இதே சூட்டில் வெந்ததாகத்தான் இருக்கும். புதியதையே போட்டேன். அதற்குப் பிறகு வந்த கோடையை வண்டி ஏசியோடு கடந்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால், இத்தனை பழைய வண்டியில் ஒரு சென்சார் போவது குற்றமே அல்ல. சேஸிஸ் திடமானது, பாகங்கள் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன, மூட்டை ஏற்றினாலும் முனகுவதில்லை. இருந்தும் நண்பருக்கு வேண்டாமென்றே எழுதினேன். பிடிவாதமாக வாங்குவதென்றால், நடுப்பகலில் ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பார்த்து, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கிளப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வேண்டாமென்று விட்டுவிட்டால் உடனே எனக்குச் சொல்லும்படியும் கேட்டிருக்கிறேன்; என் மைத்துனர் அதே வண்டியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.